பேர் போட்டார்கள், பெயர் எழுதவில்லை

பங்கு அலுவலகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் திருஇருதயப் படம், மூலையில் ஓர் இரும்புப் பெட்டகம் என்று கூறுவீர்கள். அந்தப் பெட்டகத்தினுள் பணம் இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அதனுள் இருப்பவை பழைய பதிவேடுகள். திருமுழுக்குப் பெற்றோர், திருமணம் புரிந்தோர், இறந்தோர் ஆகிய அனைவரின் பெயர்களும் அவற்றில் உள்ளன. ஓரங்களைக் கரையான் தின்ற பக்கங்களும், மை மங்கிய எழுத்துக்களும் உண்டு. ஆயினும் இந்தப் பங்கில் பிறந்த எந்த ஏழையும் வந்து, "நான் இன்னாருடைய மகன்" என்று சொன்னால், "ஆம், நீ இன்னாருடைய மகன்தான்" என்று பதில் சொல்ல அந்த ஏடுகளால் முடியும்.

இவ்வாறு பதில் சொல்ல ஓர் ஏடும் இல்லாத மனிதரின் நிலை யாது? இம்மாதம் அதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன் என் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து மாலை ஒன்றில், வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் தம் பேரனை அழைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். எங்கள் பங்கின் எல்லையிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்து, கடைசி வரிசையில் முழங்கால்படியிட்டு இருப்பவர். தமக்கு ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்றார்.

"எங்கே ஞானஸ்நானம் பெற்றீர்கள்?"

"சிலோனிலே, தோட்டத்துக் கோயிலிலே, சாமி."

"அப்படியானால் அந்தப் பங்கில்தான் கேட்கவேண்டும். இங்கே எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை, அம்மா."

திருச்சபைச் சட்டப்படி நான் சொன்னது முற்றிலும் சரி. அந்த அம்மாளும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து நின்று, "சரிங்க சாமி. அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரி என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரி என்கிறார்கள். கோயில் புத்தகத்திலாவது பேரு இருக்குமே என்று வந்தேன்" என்று சொல்லி, கைகூப்பிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

அன்றே அந்த மலையகப் பங்கிற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அரைமணி நேர வேலைதான். எழுதவில்லை. திருவிழா வந்தது, கோவில் கூரை வேலை வந்தது, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதங்கள் கழித்தே எழுதினேன். இந்தக் காலதாமதத்திற்கு வேறு எவரையும் நான் குறை சொல்ல இயலாது.

அந்த அம்மாள் சொன்ன ஒரு வரியில் ஒரு மக்களினத்தின் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அதை அறியாமல் அவர்களுக்கு நீதி செய்தல் இயலாது.

ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கிய 1820களில், தமிழகத்து ஏழைகள் கடல் கடந்து அங்கே செல்லலாயினர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து, பஞ்சத்திற்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணியின் பேச்சை நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 2023ஆம் ஆண்டில், அந்த வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, அவர்களுடைய சந்ததியார் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை நடந்தே கடந்தனர்.

1869இல் தொடங்கிய இலைநோயால் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. இலங்கைத் தேயிலை உலகெங்கும் பெயர் பெற்றது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் லயன்களில் வாழ்ந்தனர். ஒரு நீண்ட கூரை, அதன் கீழ் வரிசையாகச் சிற்றறைகள். குடும்பத்திற்கு ஓர் அறை. சமையலும் படுக்கையும் பேறுகாலமும் சாவும் அந்த ஓர் அறையில்தான்.

தோட்டத்து மக்களின் பேச்சில் ஒரு சொல் உண்டு. ஒரு நாள் வேலை செய்து, அந்த நாள் கூலிக்குரிய கணக்கில் ஏறினால், அதற்குப் 'பேர்' என்று பெயர். கணக்கப்பிள்ளை நிர்ணயித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்துவிட்டால் அரைப்பேர். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றால், எத்தனை நாள் கூலி என்று பொருள். ஒரு மனிதரின் பெயர், அவருடைய ஒரு நாள் உழைப்பிற்கு இடப்பட்ட அடையாளமாயிற்று. இதில் இரக்கத்திற்குரியது யாதெனில், தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் பேர் போட்டவர்கள், நாட்டின் குடிமக்கள் ஏட்டில் அவர்கள் பெயரை எழுத மறுத்தனர் என்பதே.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை அடைந்தது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். தன் தந்தையும் அங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லயன் அறையில் பிறந்தவனுடைய பாட்டனின் பிறப்புக்கு எவன் சீட்டு வைத்திருப்பான்? தலைப் பிரசவத்திற்குத் தாய்வீடு என்று கடல் கடந்து தமிழகம் வந்து பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்களும் இருந்தனர். அந்தப் பிள்ளைகளோ அயல்நாட்டில் பிறந்தவர்கள் ஆயினர். ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. அதற்குச் சரியாக இருபத்தைந்து நாட்களுக்குப் பின், டிசம்பர் 10 அன்று, பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகளின் பொதுப் பிரகடனத்தை ஏற்றது. அதன் பதினைந்தாம் விதி, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்றும், காரணமின்றி அதை எவரிடமிருந்தும் பறித்தல் ஆகாது என்றும் கூறுகிறது. உலகம் இவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோது நுவரெலியாவிலும் அட்டனிலும் பதுளையிலும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த நம்மவர்க்கு நாடு இல்லாமற் போயிருந்தது.

அடுத்த ஆண்டு, இந்தியர் பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. விண்ணப்பம் செய்ய இரண்டாண்டு தவணை. எட்டு இலட்சம் மக்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர்தான். 1949இலேயே மற்றொரு சட்டம் வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குச் சாவடிக்குள் நுழையவும் தகுதியற்றவர் ஆயினர்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். வாக்கில்லாத மக்களை எந்த அரசியல்வாதியும் தேடி வரமாட்டான். தேடி வராதவன் அவர்கள் குழந்தைகளுக்குப் பள்ளி கேட்கமாட்டான், லயனுக்குக் குடிநீர் கேட்கமாட்டான், கூலி உயர்வு கேட்கமாட்டான். குடியுரிமை என்பது பல உரிமைகளுள் ஒன்றன்று. மற்ற உரிமைகள் எல்லாம் தொங்கும் ஆணி அது. ஆணியைப் பிடுங்கிவிட்டால், சுவரில் எத்தனை அழகிய படங்கள் இருப்பினும் அனைத்தும் கீழே விழும்.

1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு செய்தனர். 1974இல் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று இரு அரசுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மந்தையைப் பங்கு பிரிப்பது போன்று மக்களைப் பங்கு பிரித்தனர். அந்த மக்களை எவரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

கப்பல்கள் இராமேசுவரத்திற்கு வந்தன. வந்தவர்களுள் பலர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். பாட்டனும் பாட்டியும் தோட்டக் கூலிகளாகப் புறப்பட்ட காலத்தில் நோய்த் தடுப்பிற்காக அவர்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடமும் இதே மண்டபம்தான். எந்த வாயில் வழியாகப் போனார்களோ, அதே வாயில் வழியாகத் திரும்பினார்கள். போனபோது இருந்த கிராமமும் நிலமும் உறவும் திரும்பியபோது இல்லை. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. எத்தனையோ பேர் 'சிலோன்காரர்' என்ற பட்டத்தோடு ஊர் ஊராக அலைந்தனர்.

இனி, நம் அம்மாளின் குடும்பத்திற்கு வருவோம். அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. இருவரும் ஒரே லயன் அறையில் பிறந்தவர்கள். ஒரே கோவிலில் திருமுழுக்குப் பெற்றவர்கள். அண்ணன் 1970களில் ஒப்பந்தப்படி கப்பலில் வந்தார். அவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் நீலகிரியில் வாக்களிக்கின்றனர். தங்கையின் கணவரும் இந்தியா வரவே விண்ணப்பித்திருந்தார். முறை வருவதற்குள் 1983ஆம் ஆண்டுக் கலவரமும் அதைத் தொடர்ந்த போரும் மூண்டன. 1984இல் கப்பல் நின்றது. உயிர் பிழைக்க வடக்கே சென்ற அக்குடும்பம், 1990இல் இரவோடு இரவாக ஒரு படகில் இராமேசுவரக் கரை சேர்ந்தது.

கப்பலில் வந்த அண்ணன் தாயகம் திரும்பியவர். படகில் வந்த தங்கையோ அந்நியர்; அனுமதியின்றிக் குடிபுகுந்தவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதி. இதைப் பிரித்தது இரத்தமுமன்று, மொழியுமன்று, குணமுமன்று. ஒரு கப்பல் நின்றுபோனதே.

இத்தகைய குடும்பங்கள் தமிழக முகாம்களில் இன்றும் உள்ளன. நம் அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். தங்க இடமும், மாதப் பணமும், அரிசியும், பள்ளிக் கல்வியும் தந்துள்ளன. 2021இல் தமிழக அரசு, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, புதிய வீடுகள் கட்டித் தரவும் திட்டம் அறிவித்தது. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இவை நல்லவை, நன்றி சொல்வோம். ஆயின், "உன்னைத் தண்டிக்கமாட்டோம்" என்பது வேறு. "நீ எங்களுள் ஒருவன்" என்பது வேறு.

சட்டத்தில் இடுக்கு வாயில்கள் சில உள்ளன. நமது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன்பு வரை இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். முகாமில் அவ்வாறு பிறந்த ஒரு பெண்ணின் உரிமையை மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022இல் உறுதி செய்தது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். அந்த நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவராவது குடிமகனாய் இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோருள் ஒருவர் அனுமதியின்றி வந்தவராக இருந்தாலே கதவு மூடிவிடுகிறது. ஆக, அக்காளுக்குத் திறந்த கதவு தம்பிக்கு மூடியிருக்கிறது. 2019இல் அதே நீதிமன்றம், மலையக வம்சாவளியினர் சிலருடைய வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைக் கனிவோடு பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்குப் பணித்தது. அவ்வாண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் குறித்துக் கூறியது. இலங்கை அவற்றுள் இல்லை.

இலங்கையோ, காலம் கடந்தேனும், தன் பிழையைத் திருத்திக்கொண்டது. 1988இல் ஒரு சட்டமும், 2003இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்துவந்தவரும் அவர்கள் சந்ததியாரும் குடிமக்கள் ஆகலாம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அதன்பின் நடந்த முகாம்களில், ஏறத்தாழ பத்தே நாட்களில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டு அவிழாத முடிச்சு பத்து நாளில் அவிழ்ந்தது. அவிழ்க்க மனம் இருந்தால் கைகளுக்கு வலிமை வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 2009இல் சட்டத்தைத் திருத்தி, தமிழக முகாம்களில் உள்ளோர்க்கும் அந்த நாடு வழி திறந்தது. திரும்பிச் செல்ல விரும்புவோர்க்கு அது நற்செய்தி. ஆயின் இங்கே பிறந்து, இங்கே படித்து, அந்த மண்ணைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளைக்கு, அது திரும்புதல் ஆகாது; மீண்டும் ஒரு புலம்பெயர்தலே ஆகும்.

அந்த இருண்ட காலத்தில் திருச்சபையின் மக்கள் சிலர் விழித்திருந்தனர் என்பது நமக்கு ஆறுதல். இயேசு சபைக் குரு பால் காஸ்பர்ஸ், 1972இல் கண்டியில் 'சத்தியோதயம்' என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்து, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் தமிழராய்ப் பிறந்தவர் அல்லர். அயலானுக்கு நேர்ந்த அநீதியைத் தன் வீட்டு அநீதியாகக் கருதியவர்.

திருச்சபையின் போதனையிலும் ஐயத்திற்கு இடமில்லை. திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில், ஒருவன் ஒரு நாட்டின் குடிமகனாய் இருப்பதால் மனிதக் குடும்பத்தின் உறுப்பினன் என்னும் தகுதியை இழப்பதில்லை என்று கற்பித்தார். சிறுபான்மை மக்களை நசுக்குவது நீதிக்குப் பெருங்கேடு என்றும், அவர்கள் மொழியையும் பண்பாட்டையும் வாழ்வையும் வளர்ப்பது ஆட்சியாளரின் கடமை என்றும் கூறினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டு குடிபெயர்ந்தோர் நாளுக்கான தமது செய்தியில், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குடியுரிமை ஏற்கப்பட்டு, சான்றும் வழங்கப்படவேண்டும் என்று வேண்டினார். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் பர்மாவில் நாடற்றவரான ரோகிங்கியா மக்களை 2017 டிசம்பரில் டாக்கா நகரில் சந்தித்து, அவர்கள் முன் மன்னிப்பு வேண்டினார். அவர்கள் இசுலாமியர், அவரோ கத்தோலிக்கரின் தலைவர். துன்புறும் மனிதரிடம் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டபிறகே இரங்குவது கிறிஸ்தவம் அன்று என்பதை அவர் செயலால் காட்டினார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வேதத்தில் ஒரு காட்சியை உங்கள் முன் வைக்கிறேன். அப்போஸ்தலர் பணி, 22ஆம் அதிகாரம். எருசலேமில் புனித சின்னப்பரைப் பிடித்து, சாட்டையால் அடிப்பதற்காக வாரினால் கட்டுகின்றனர். அவர் நூற்றுவர் தலைவனை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: உரோமைக் குடிமகனை விசாரணையின்றி அடிக்கலாமோ? அவ்வளவே. ஓங்கிய கை நிற்கிறது. படைத்தலைவன் அஞ்சி ஓடி வருகிறான். தான் பெரும் பணம் கொடுத்து வாங்கிய அந்த உரிமை, தன் முன் கட்டுண்டு நிற்கும் இந்த மனிதனுக்குப் பிறப்பிலேயே உண்டு என்று அறிந்து திகைக்கிறான். ஒரு நொடிக்கு முன்பும் அதே முதுகு; பின்பும் அதே முதுகு. இடையில் வந்தது 'குடிமகன்' என்ற ஒரு சொல். அந்தச் சொல் சாட்டையை நிறுத்தியது.

இப்போது கல்வாரியை நோக்குங்கள். நம் ஆண்டவர் உரோமைக் குடிமகன் அல்லர். ஆகவே அவருக்குக் கசையடி. ஆகவே அவருக்குச் சிலுவை. உரோமைக் குடிமக்களுக்கு விதிக்கத் தகாத தண்டனை என்று அந்தப் பேரரசு ஒதுக்கிவைத்த கொலைக்கருவியில் அவர் மாண்டார். சின்னப்பரின் முதுகைக் காத்த சொல், அவருடைய ஆண்டவருக்குக் கிடைக்கவில்லை. உலகை மீட்க வந்தவர், அந்தச் சொல் இல்லாதோரின் வரிசையில் போய் நின்றுகொண்டார். முகாமிலிருந்து வந்து கோவிலின் கடைசி வரிசையில் முழங்கால்படியிடும் அம்மாளைக் காணும்போதெல்லாம், அவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "சாமி, அனுமதியின்றி வந்தவர்கள் சட்டத்தை மீறியவர்கள் அல்லவா? நம் ஏழைகளுக்கே போதாதபோது இவர்களுக்கும் பங்கு தரவேண்டுமா?" கேள்வி நேர்மையானது, பதிலும் நேர்மையாக இருக்கவேண்டும். நாடுகளுக்கு எல்லை உண்டு. எல்லையைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. இதைத் திருச்சபை மறுப்பதில்லை. ஆனால் வீடு பற்றி எரியும்போது சன்னல் வழியே குதித்தவனிடம், வாசல் வழியே ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயம் ஆகாது. அதிலும் இவர்களுடைய வாசலை இரு அரசுகளும் சேர்ந்து ஒப்பந்தத்தில் வரைந்துவிட்டுத் திறக்காமல் விட்டுவிட்டன. பங்கு குறையும் என்ற அச்சத்திற்குப் பதில் இது: குடியுரிமை ஒரு பானைச் சோறு அன்று, ஒருவர் உண்டால் மற்றவர்க்குக் குறைய. இவர்கள் நம்மிடையே சுண்ணாம்பு அடிக்கிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள், கடையில் பொருள் வாங்கி நம்மைப்போல் வரியும் செலுத்துகிறார்கள். சுமையில் பங்கு தந்துவிட்டோம். பெயரில் பங்கு தர ஏன் தயங்குகிறோம்?

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. ஆயினும் நம் கையில் உள்ளவை சில உண்டு.

முதலாவது, பிறப்பைப் பதிவு செய்தல். எந்த நாட்டவர் குழந்தையாயினும், நம் நாட்டில் பிறந்தால் இருபத்தொரு நாட்களுக்குள் அறிவித்துப் பதிவு செய்யவேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். முகாமிலோ, செங்கல் சூளையிலோ, வீட்டிலேயே பேறு பார்த்த குழந்தைகள் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், அப்பெற்றோரோடு ஒருவர் நடந்து செல்லுங்கள். பிறப்புச் சான்று குடியுரிமை அன்று. ஆனால் அது இல்லாமல் குடியுரிமையை நாடி ஓரடியும் எடுத்துவைக்க இயலாது.

இரண்டாவது, பழைய தாள்களைக் காத்தல். தாயகம் திரும்பிய குடும்பங்கள் நம் மறைமாவட்டத்திலும் உண்டு. தாத்தாவின் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டுக்கள் ஆகியவற்றைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முகாமில் தவிக்கும் உங்கள் உறவினர் ஒருவருக்கு அதுவே வேரைக் காட்டும் சான்றாகலாம்.

மூன்றாவது, துணை நிற்றல். மரியாயின் சேனையாரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரும் நோயாளிகளைச் சந்திப்பது போலவே, விண்ணப்பம் எழுதத் தெரியாதோரையும் சந்திக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏழைகளுக்குக் கட்டணமின்றி வழக்குரைஞரைத் தருகிறது. இதை அறிந்தோர் அறியாதோர்க்குச் சொல்லலாம்.

நான்காவது, நாவைக் காத்தல். இலங்கையில் இவர்களைக் 'கள்ளத்தோணி' என்று இழித்தனர். இங்கே நாம் 'அகதி' என்கிறோம். 'அந்த அகதிப் பையன்' என்று நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லக் கேட்டால், அவனுக்கும் அவன் தாய் இட்ட பெயர் ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். அரசு பெயர் எழுத ஆண்டுகள் ஆகலாம். நாம் பெயர் சொல்லி அழைக்க அரசாணை தேவையில்லை.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதங்கள் கழித்து நான் எழுதிய கடிதத்திற்கு, மூன்றே வாரத்தில் மலையகத்திலிருந்து பதில் வந்தது. அங்குள்ள பங்குத் தந்தை, பழைய ஏட்டைத் தேடி எடுத்து, சான்றிதழ் எழுதி அனுப்பியிருந்தார். அம்மாளின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், ஞானத்தாயின் பெயர் அனைத்தும் இருந்தன. ஏட்டில் கைந்நாட்டு வைத்த தந்தை எழுத்தறியாதவர். எழுதிய குருவோ எப்போதோ இறந்துபோனவர். ஆயினும் அந்தச் சிறு கோவிலில் எவரோ ஒருவர் அன்று சோம்பலின்றிப் பேனாவை எடுத்ததால், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இந்தக் கரையில் ஒரு பெயர் உயிர் பெற்றது. நான் சோம்பியதால் எட்டு மாதம் அது உறங்கிற்று.

அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பேரன் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். தம் பெயர் இருந்த இடத்தைக் கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு, "எங்கப்பா பேரையும் காட்டு" என்றார்.

அந்தச் சான்றிதழால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். விண்ணப்பத்தோடு இணைத்த தாள்களுள் அதுவும் ஒன்று. விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. பேரன் படித்து முடித்துவிட்டான். படித்த படிப்பிற்கு வேலை தேடிப் போகும் இடமெல்லாம் அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி எதுவென்று நீங்கள் அறிவீர்கள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இன்று மாலை செபமாலை முடிந்தபின், உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றையும் வாக்காளர் அட்டையையும் குடும்ப அட்டையையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இவற்றைப் பெற நாம் செய்த புண்ணியம் என்ன? படைத்தலைவனைப்போல் பெரும் பணம் கொடுத்தோமா? இல்லை, பிறந்தோம், அவ்வளவே. உழைக்காமல் பெற்ற கொடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது இல்லாதவரைக் குற்றவாளியாக எண்ணுதல் தகுமோ? குடும்பமாகச் சிந்தியுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வேலைத்தலத்தில், உங்கள் பிள்ளையின் வகுப்பில், பெயர் எழுதப்படாத ஒருவர் இருந்தால், அவருக்காக இந்த மாதம் ஒரு செயலாவது செய்யுங்கள்.

ஏரோதுக்கு அஞ்சி இரவில் எல்லை கடந்த திருக்குடும்பம், நாடற்ற குடும்பங்கள் அனைத்தையும் தன் நிழலில் காப்பதாக. நம் எல்லோர் பெயரையும் தம் கையில் பொறித்து வைத்திருக்கும் இறைவன், அவற்றுள் ஒன்றையும் நாம் மறவாதிருக்க அருள்வாராக.

கிறிஸ்துவில் உங்கள்,
பங்குத் தந்தை